பள்ளிக்கூடம் சூனுக்குப் போன கதை

டென்மார்க்கின் ஹேர்னிங் ஊரில் என்னோடு வளர்ந்தவர்களே, ஒரு கேள்வி. சூடான பிளாஸ்டிக் மணத்தை முகர்ந்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறைக் கதவிடுக்கு ஞாபகம் வருகிறது. மாசி மாதக் கடைசி. வெளியே உப்புத் தூவிய தெரு, சாம்பல் நிறச் சகதி. உள்ளே ஒரு சின்ன இயந்திரம் தாள்களை விழுங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, மறுபக்கம் பளபளப்பாகத் துப்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் பாடசாலையில் பிளாஸ்டிக் உறைக்குள் போகாமல் தப்பியவை பிள்ளைகளும் முற்றத்து மரங்களும் மட்டும்தான்.

உங்களில் சிலர் "ஓ, அந்த வருசமோ!" என்று சிரிப்பீர்கள். மற்றவர்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்க வழியே இல்லை. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு, யார் சொன்னது என்று கேட்டு ஆட்களை வதைக்கிற பிள்ளை நான். இப்போதும் அப்படித்தான், வேண்டுமென்றால் என் கணவரைக் கேளுங்கள்.

எங்கள் வகுப்பு ஆசிரியை ஒரு காலையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னார்: பாடசாலைக்கு "டில்சூன்" வரப்போகிறது. அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்து, பாடசாலை நடக்க வேண்டிய முறையில் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆசிரியையின் கழுத்து சிவந்திருந்தது. பெரியவர்களின் கழுத்து சிவந்தால் அதற்குள் ஒரு கதை இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும்.

வீட்டுக்கு ஓடி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

"அப்பா, பள்ளிக்கூடம் சூனுக்குப் போகுதாம்!"

டென்மார்க்கில் கார் வைத்திருக்கிற தமிழ் வீட்டில் "சூன்" என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை காரைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்ட வேண்டும். சோதிக்கிறவன் சரி என்றால்தான் கார் தெருவில் ஓடலாம். எங்களுடையது பழைய சிவப்புக் கார். அதன் சூன் நெருங்கினால் அப்பாவுக்கு நித்திரை வராது.

அப்பா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். "பள்ளிக்கூடத்துக்கும் சூனோ? நல்லது தானே. பழைய கட்டிடம்."

குசினிக்குள்ளிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "ஆர் அண்ணை பள்ளிக்கூடத்துக்குச் சூனியம் வைச்சது?"

"சூனியம் இல்லையடி, சூன். அடி, பிறேக், லைற் எல்லாம் பாப்பினம்."

"பள்ளிக்கூடத்துக்கு எங்கயண்ணை பிறேக்?"

அம்மா சிரித்த சிரிப்பில் தாளித்துக்கொண்டிருந்த வெங்காயம் கருகிவிட்டது.

மாமி அப்பாவின் தங்கை. அதற்கு முந்தைய ஆவணியில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த மகள்தான் என் மச்சாள். என் வயது, என் வகுப்பு, என் மேசை. டெனிஷ் அவளுக்குத் தெரியாது. மதியத்துக்கு முன் சிறிது நேரம் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று இருந்த சின்ன அறையில் மொழி படிப்பாள். மிச்ச நேரம் முழுவதும் என் ஸ்வெட்டரின் இடது கையைப் பிடித்தபடி இருப்பாள். பனிக்காலம் முடியும்போது அந்த ஸ்வெட்டரின் இடது கை வலது கையைவிட நீண்டு தொங்கியது. அம்மா அதைத் தோய்க்கும்போதெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடியில் போடுவார்.

சூன் என்பது விளையாட்டில்லை என்று பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்த அம்மாதான் சொன்னார். எங்கள் ஊர்ப் பாடசாலைகளை நடத்துவது கொம்யூன், அதாவது நகர நிர்வாகம். எங்கள் பாடசாலையின் பெறுபேறு கீழே கிடந்ததாம். வருகிறவர்கள் இது சரியில்லை என்று எழுதினால், புதிதாக வந்த பிள்ளைகளைப் பிரித்து, ஆளுக்கொரு பக்கமாக ஊரின் மற்றப் பாடசாலைகளுக்கு பஸ்ஸில் அனுப்புவது என்று கொம்யூனில் பேச்சாம்.

"இவளைத் தனிய அனுப்பினால் இவள் சாப்பிடவும் மாட்டாள், வாய் திறக்கவும் மாட்டாள்," என்றார் மாமி.

மச்சாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அப்பாவைக் கேட்டாள்: "மாமா, சூனில பாஸாக என்ன செய்யவேணும்?"

மற்றவர்கள் என்றால் "நீ சாப்பிடு பிள்ளை" என்றிருப்பார்கள். எங்கள் அப்பா, சூன் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர். "வா காட்டிறன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளை நான் எப்படிச் சொல்வது! எங்கள் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடம், பழைய கம்பளித் துண்டு, அதன்மேல் முதுகைப் போட்டுக் காரின் அடியில் கிடக்கிற அப்பா. பக்கத்தில் கையில் டோர்ச்சோடு மச்சாள். நான் வெளியே குந்தியிருந்து கேள்விகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பேன். எண்ணெய் மணம், ஈர மண் மணம், அடிப்பக்கத்துக்குப் பூசுகிற கறுப்புத் தாரின் மணம்.

"மெழுகு பூசி மினுக்கினால் காணாதோ அப்பா?"

"அவன் மினுக்கின பக்கத்தைப் பாக்கவே மாட்டான் பிள்ளை. நேர கீழ போவான். சின்னச் சுத்தியலாலை தட்டுவான். டிக், டிக், டிக். 'தொப்' எண்டு சத்தம் வந்தால் கறள். பிறகு கதை முடிஞ்சுது."

துருவை எங்கள் வீட்டில் கறள் என்போம். டெனிஷில் அது "ருஸ்ட்". அப்பா தொழிற்சாலையில் பழகிய டெனிஷில் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் சொல்லுவார். மச்சாள் திருப்பிச் சொல்லுவாள். வகுப்பில் மழை, வெயில், ஆப்பிள் என்று படிப்பித்தபோது திறக்காத வாய், காருக்கு அடியில் திறந்தது. அவளுக்கு டெனிஷில் "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்ல வராது. "பிறேக் நல்லம்", "அடியில் கொஞ்சம் கறள்", "ஓடலாம்" என்று பிழையில்லாமல் சொல்லுவாள். அந்த வேலையில் ஒருநாள் அவளுடைய சிவப்புக் கம்பளி வீட்டுச் செருப்பில் ஒரு பொட்டுத் தார் விழுந்தது. வெளியே அதைப் போட்டுக்கொண்டு வந்ததற்கு மாமியிடம் நல்ல ஏச்சு. பாடசாலைக்குள்ளே போட வைத்திருந்த செருப்பு அது. தார் போகவேயில்லை.

பாடசாலையிலும் இதே அமளிதான். கழிவறைகளில் சவர்க்காரம் வந்தது. அதுவரை அது எங்கே இருந்தது என்று நான் கேட்டேன். நூலகத்தில் உடைந்த கதிரைகள் மறைந்தன. நடைபாதையில் "இங்கே எல்லாரும் நண்பர்கள்" என்று ஒரு பெரிய படம், அதற்கும் பிளாஸ்டிக் உறை. தலைமை ஆசிரியர், பனிக்காலம் முழுதும் ஒரே பச்சை ஸ்வெட்டரில் திரிகிற மனிதர், கோட் போட்டுக்கொண்டு வந்து எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார்.

ஒருநாள் கொம்யூனிலிருந்து ஒரு பெண் வந்தார். சோதிக்க வருகிறவர் போல நடித்து எங்களிடம் கேள்விகள் கேட்பது அவருடைய வேலை. ஒத்திகை.

நான் கையை உயர்த்தினேன். "நீங்கள் உண்மையான ஆளா, நடிக்கிற ஆளா?"

"நடிக்கிற ஆள்தான்," என்று சிரித்தார்.

"அப்ப நாங்களும் நடிச்சுப் பதில் சொல்லலாமா?"

அவர் எங்கள் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியையின் கழுத்து மறுபடி சிவந்தது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. சோதனை நாளில், புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் நீச்சல் மண்டபத்துக்கு ஒரு சுற்றுலா. பஸ், பலூன், பிறகு பழச்சாறு. விரும்பினால் போகலாம் என்றுதான் சொன்னார்கள், ஆனால் விரும்பாதவர்களுக்கு என்ன என்று சொல்லவில்லை. இப்போது யோசித்தால் விளங்குகிறது. தலைமை ஆசிரியர் பொல்லாதவர் இல்லை. காலையில் வாசலில் நின்று எல்லாப் பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்லுகிறவர். அவருக்கு மேலே இருந்து யாரோ நெருக்கியிருக்க வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகளிடம் அந்நியர்கள் கேள்வி கேட்டால் பிள்ளைகளுக்கும் சங்கடம், பாடசாலைக்கும் சங்கடம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தியிருக்கலாம். இரக்கம் போலவே உடுத்திக்கொண்டு வருகிற பிழைகளைக் கண்டுபிடிப்பது பெரியவர்களுக்குக் கஷ்டம். எனக்கும் இன்று அதே வயது வந்துவிட்டது.

அந்தச் சனி மச்சாள் காருக்கு அடியில் கிடந்தபடியே கேட்டாள்: "மாமா, சூன் அண்டைக்கு என்னை ஏன் நீச்சலுக்கு அனுப்பினம்?"

அப்பா ஏதோ ஒரு ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யோசிக்காமல் சொன்னார்: "சூனுக்குப் போகேக்க டிக்கியில கிடக்கிற சாமானை இறக்கி வைக்கிறதுதானே பிள்ளை. பாரம் குறையும்."

டோர்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது.

"நான் டிக்கிச் சாமானோ மாமா?"

ஆணியின் சத்தம் நின்றுவிட்டது. பிறகு அப்பா, "வெளிச்சத்தை இஞ்சால பிடி," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அதற்குமேல் ஒரு உறுப்பின் பெயரையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

சோதனை நாள். மச்சாள் துவாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். என் இடது கை வெறுமையாக இருந்தது, எழுதுவதற்குக்கூட வசதியாக, அது எனக்குப் பிடிக்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பெண்ணை எனக்கு நன்றாக ஞாபகம். கட்டையாக வெட்டிய நரைமுடி. வாசலில் சப்பாத்துக்கு மேலே போடும்படி நீலப் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார்கள். அவர் வேண்டாமென்று பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு நடந்தார். பளபளக்கிற படங்களுக்கு முன்னால் தலைமை ஆசிரியர் நின்று நின்று விளக்கினார். அந்தப் பெண் தலையாட்டினார், ஆனால் அவருடைய கண் கீழேயே இருந்தது. குளிர்ந்த தரை அல்லவா, காலில்தான் கவனம் இருந்திருக்கும். நான் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி! கீழேதான் பார்க்கிறார்!

எங்கள் வகுப்புக்கு வெளியே ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய கொளுக்கி, அதன் கீழே வீட்டுச் செருப்பு வைக்க ஒரு தட்டு. எல்லாரும் உள்ளே இருந்தால் செருப்புகள் காலில் இருக்கும், தட்டு வெறுமையாக இருக்கும். அன்றைக்கு அந்த வெறுந்தட்டில் ஒரு சோடிச் சிவப்புச் செருப்பு மட்டும். ஒன்றில் கறுப்புப் பொட்டு. அவர் குனிந்து அதைத் தூக்கினார்.

"இது யாருடையது?"

நான் கதவோரம் இருந்தேன். எனக்குத் தெரிந்த பதில். "என் மச்சாளுடையது."

"அவளுக்குச் சுகமில்லையா?"

"இல்லை. அவள் சூனுக்கு இல்லை. நீச்சலுக்குப் போய்விட்டாள். புதிதாக வந்த எல்லாரும்."

ஒரு நொடி பிளாஸ்டிக் படங்கள்கூட மூச்சுவிடவில்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை, அது எனக்கு ஆச்சரியம். செருப்பை வைத்த இடத்திலேயே நேராக வைத்தார். "அவர்கள் எப்போது திரும்புவார்கள்?" என்று மட்டும் கேட்டார். "நான் இருந்து பார்க்கிறேன்."

பஸ் வந்தபோது இடைவேளை. கண்ணாடிக் கதவு திறக்க, குளோரின் மணமும் ஈரத் தலைகளும். மச்சாள் நேரே என் ஸ்வெட்டர் கையைத் தேடி வந்தாள். அந்தப் பெண் எங்களுக்கு முன்னால், நடைபாதைத் தரையில், அப்படியே சப்பணம் கட்டி இருந்தார். மெதுவாகக் கேட்டார்:

"உன்னுடைய பாடசாலை எப்படி இருக்கிறது?"

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வாயே திறக்காத பிள்ளை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் கோட்டின் பொத்தானைத் திருகுகிறார். மச்சாளுக்கோ ஒன்றே ஒன்று தெரியும்: இவர் சூன் பார்க்க வந்தவர், பாஸ் போடாவிட்டால் தான் வேறு பாடசாலைக்குப் போகவேண்டும். அவள் என் கையை விட்டாள். நிமிர்ந்து நின்று, தெளிவான டெனிஷில் அறிக்கை சொன்னாள்:

"எஞ்சின் நல்லம். பிறேக் நல்லம். லைற் எல்லாம் எரியும். அடியில் கொஞ்சம் கறள். ஓடலாம்."

யாரோ ஒரு ஆசிரியர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு, இன்னொரு பரிசோதகரிடம் கேட்பதுபோல், கேட்டார்:

"கறள் எங்கே?"

மச்சாள் திரும்பினாள். ஈரத் துவாயைப் பிடித்த கையை நீட்டி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுட்டினாள். பஸ்.

தலைமை ஆசிரியர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு "நன்றி," என்றார். "எனக்கு விளங்குகிறது."

அவருக்கு என்ன விளங்கியது? அதுதான் என்னை இவ்வளவு காலமாக அரித்த கேள்வி. ஏனென்றால் நானும் பார்த்தேன். வாடகைக்குப் பிடித்த பழைய பஸ் அது. உப்புத் தெருவில் ஓடி ஓடி, பின்சக்கரத்துக்கு மேலே உண்மையாகவே கறள் பிடித்திருந்தது.

அடுத்த கிழமை எங்கள் கார் சூனுக்குப் போனது. மினுக்கின கதவுகளைச் சோதிக்கிறவன் பார்க்கவில்லை. அடியில் தட்டினான், தொப். சரிசெய்துகொண்டு மறுபடி வா என்று அனுப்பிவிட்டான். பாடசாலையிலிருந்தும் அதே நாட்களில் செய்தி வந்தது: சில விடயங்களைத் திருத்த வேண்டும், அதன்பிறகு இன்னொரு தடவை வருவார்கள். அதுவரை பிள்ளைகளைப் பிரிக்கிற பேச்சு இல்லை.

"ஒம்சூன்," என்றார் அப்பா. டெனிஷில் மறுபடி பார்க்கிற சோதனைக்கு அதுதான் பெயர்.

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் எண்டு சொல்லுற சூனோ அண்ணை?"

அப்பா மறுக்க வாயெடுத்தார். பிறகு யோசித்தார். "ஓமடி. அப்பிடியும் சொல்லலாம். முதல்தரம் இல்லை எண்டினம், திருத்திக்கொண்டு போனால் ஓம் எண்டினம்."

காரின் ஒம்சூனுக்கு அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். புறப்படும்போது அம்மா டிக்கியைத் திறந்து பார்த்துத் திகைத்தார். அரிசி மூட்டை, கதிரை, பழைய கூடாரம், போன கோடையின் பந்து, எல்லாம் அப்படியே.

"இஞ்சேருங்கோ, சாமான் ஒண்டும் இறக்கேல்லையே?"

"இறக்கேல்லை," என்றார் அப்பா. பின்சீற்றில் இருந்த மச்சாளைக் கண்ணாடியில் பார்த்தபடி சத்தமாகச் சொன்னார்: "எல்லாத்தோடயும் பாக்கட்டும். எல்லாத்தோடயும் ஓடுற கார்தானே."

மச்சாள் வெளியே பார்த்தாள். ஆனால் அவளுடைய கால் ஆடத் தொடங்கியது. சந்தோசம் வந்தால் அவளுக்குக் கால் ஆடும்.

பாடசாலைக்கு அவர்கள் மறுபடி வந்தபோது முற்றத்து மரங்கள் துளிர்த்திருந்தன. சுற்றுலா இல்லை. நடைபாதைத் தட்டில் ஒரு செருப்பும் மிச்சமிருக்கவில்லை. தலைமை ஆசிரியர் பச்சை ஸ்வெட்டரில் வந்தார். பாடசாலை பாஸாகியது, யாரையும் பிரிக்கவில்லை, மச்சாள் அந்த வகுப்பிலேயே இருந்து, என்னைவிட நன்றாகக் கணக்குச் செய்யத் தொடங்கி, என் கையை விட்டுவிட்டாள். அந்த ஸ்வெட்டரும் சிவப்புச் செருப்பும் எந்த வீடு மாறும்போது தொலைந்தன என்று தெரியாது. அலுமாரிகளையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன்.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். என் காருக்குச் சூன். ஊரில் எத்தனை இடம் இருந்தாலும் நான் ஒரே இடத்துக்குத்தான் போவேன். நீலச் சீருடை, காதில் சின்னத் தோடு, கையில் டோர்ச்சும் சுத்தியலும். ஓம், என் மச்சாள்தான். காரை உயர்த்திவிட்டு அடியில் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக்.

"கதவெல்லாம் கழுவிக்கொண்டு வந்தனான்," என்றேன்.

"கண்டன். ஆருக்கு வேணும்?"

தொப்.

"ஒம்சூன்," என்றாள், என்னைத் திரும்பிப் பாராமலே.

"சொந்த மச்சாளுக்குமோடி?"

"உனக்கெண்டால் ரெண்டு தரம் தட்டுவன்."

அப்போதுதான் கேட்டேன். இத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்த ஒரே கேள்வி. "உண்மையைச் சொல்லு. அண்டைக்கு நீ எதைக் காட்டினனீ? பஸ்ஸில இருந்த கறளையோ, இல்லாட்டி உங்களை அனுப்பினதையோ?"

தட்டுகிற கை நின்றது. டோர்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

"பின்சக்கரத்துக்கு மேல முழுக்கக் கறள்," என்றாள். "அந்த பஸ்ஸில எங்களை ஏத்தியிருக்கவே கூடாது."